விதை ஒன்று, விளைச்சல் வேறு

விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பும் நம்மவர்கள் கொண்டுவரும் செய்திகளில், கல்யாணம், கும்பாபிஷேகம் ஆகியவற்றுக்கு அடுத்தபடி இடம்பெறுவது நிலத்தைப் பற்றிய பேச்சுத்தான். அப்பா வைத்துவிட்டுப் போன இரண்டு ஏக்கரோ மூன்று ஏக்கரோ ஊரில் குத்தகையில் இருக்கும். "அரசாங்கம் வருஷா வருஷம் புது ரகம் கொடுக்கிறது. ஆராய்ச்சிப் பண்ணையில் ஏக்கருக்கு நாற்பது மூட்டை என்கிறார்கள். நம் வயலில் மட்டும் ஏன் இருபதைத் தாண்டமாட்டேன் என்கிறது? விதையில் மோசமா, அல்லது குத்தகைக்காரர் அளப்பதில் மோசமா?" என்ற கேள்வியைச் சங்கக் கூட்டங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லும் தகுதி எனக்கு வந்தது தஞ்சாவூரில் அல்ல, ஒடிசாவில். ஒரிசா என்று பெயர் இருந்த நாளிலேயே இங்கு வந்தவன் நான். ஒரு வங்கியின் விவசாயக் கடன் பிரிவில், கடலோர மாவட்டங்களில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். கடன் கொடுக்கும் முன் ஒரு முறை, அறுவடைக்கு முன் ஒரு முறை என வயல்களைப் போய்ப் பார்ப்பது என் உத்தியோகம். ஒரே ஊரில், ஒரே கடையில் வாங்கிய விதையை, ஒரே வாரத்தில் விதைத்த இரண்டு பேரில் ஒருவருக்கு இரு மடங்கு விளைவதை அங்குதான் கண்டேன். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், ஊரிலிருக்கும் நம் வயலின் கதையும் புரியும்.

கட்டாக்கும் ஆடுதுறையும்

முதலில் நம்மில் பலர் அறியாத ஓர் உறவைச் சொல்லிவிடுகிறேன். வங்காளப் பஞ்சத்துக்குப் பின், 1946-ல் கட்டாக் நகருக்கு அருகே மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. (2015-ல் அதற்குத் தேசிய நெல் ஆராய்ச்சி நிலையம் என்று பெயர் மாற்றப்பட்டது.) அதன் முதல் இயக்குநர் கே. ராமையா, கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சியில் பேர் பெற்ற தமிழர். நம் நெட்டை நெல்லோடு ஜப்பானிய நெல்லை இணைத்து, உரத்துக்கு நன்றாக விளையும் ரகங்களை உண்டாக்கும் முயற்சி, உலக உணவு விவசாய நிறுவனத்தின் துணையோடு இங்குதான் நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதனும் 1954-ல் சில மாதங்கள் இந்த வேலையில் இருந்திருக்கிறார்.

அந்த முயற்சியில் பிறந்த பிள்ளைகளை நாம் நன்றாக அறிவோம். 1960-களின் நடுவில் தஞ்சைக் குறுவையைப் புரட்டிப்போட்ட ஏ.டி.டி.27, நம் ஜி.இ.பி.24-க்கும் ஜப்பானிய ரகம் ஒன்றுக்கும் பிறந்தது. மலேசியாவில் மசூரி என்று பெயர் பெற்ற ரகமும் அதே முயற்சியின் பலன். அந்த மசூரியிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் நாம் சாப்பிடும் பொன்னி. ஆந்திரத்தின் மாருட்டேரு நிலையத்தில் மசூரியை இன்னொரு ரகத்தோடு இணைத்து உருவாக்கிய ஸ்வர்ணா, இன்று ஒடிசா, வங்காளம், பீகார் தாழ்நிலங்களில் கோடிக்கணக்கானோர் உண்ணும் அரிசி. ஆக, நம் வீட்டுப் பொன்னியும் பக்கத்து வீட்டு ஒடியாக்காரரின் ஸ்வர்ணாவும் நெருங்கிய சொந்தம். டெல்டாவில் சம்பாப் பருவத்தில் நடும் சி.ஆர்.1009 என்ற பொன்மணியும் கட்டாக்கில் பிறந்ததுதான். சி.ஆர். என்ற எழுத்துகளே அந்த ஊர் நிலையத்தைக் குறிப்பவை.

புது ரகம் என்பது என்ன?

பழைய நெட்டை நெல்லுக்கு ஒரு குணம் உண்டு. உரம் அதிகம் போட்டால் வளரும். வளர்ந்து, கதிர் கனத்ததும் சாய்ந்துவிடும். சாய்ந்த நெல் சேற்றில் முளைக்கும். ஆகையால் உரம் போட்டுப் பயனில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் வெளியிட்ட ஐ.ஆர்.8, இந்தோனேஷியாவின் பேட்டா ரகத்துக்கும் தைவானின் குட்டை ரகம் ஒன்றுக்கும் பிறந்தது. குட்டையான, தடித்த தண்டு. உரத்தை வைக்கோலாக்காமல் நெல்லாக்கும். நம் நாட்டில் 1968-ல் வந்த ஜயாவும் அதே வழி வந்தது. அதன் பெற்றோரில் ஒன்று தைவான் ரகம், மற்றொன்று ஒடிசாவின் டி.141.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ரகங்கள் தாமாக அதிகம் விளைபவை என்பதைவிட, கொடுத்ததை வாங்கிக்கொள்ளத் தெரிந்தவை என்பதே பொருத்தம். ஐ.ஆர்.8-ஐ வைத்து நடந்த ஆரம்ப கால ஆராய்ச்சியில், உரம் ஏறக்குறைய இல்லாமல் ஹெக்டேருக்கு 5 டன் அளவும், எல்லா வசதியும் கொடுத்தபோது 10 டன்னுக்கு அருகிலும் விளைந்தது. விதை அதேதான். இடையிலிருந்த வித்தியாசமெல்லாம் உரம், தண்ணீர், பராமரிப்பு, பருவம். இன்று நம் நாட்டின் சராசரி ஹெக்டேருக்கு 3 டன் அரிசியைக்கூட எட்டவில்லை. அறுபது ஆண்டுகளாகப் புது ரகங்கள் வந்துகொண்டிருந்தும் இந்த இடைவெளி மூடாததற்குக் காரணத்தை விதையில் மட்டும் தேடினால் கிடைக்காது.

முதல் தடை, விதையின் தரம்

இருந்தாலும் விதையிலிருந்தே தொடங்குவோம். ஆராய்ச்சியாளரின் கையிலுள்ள வல்லுநர் விதை, அதிலிருந்து பெருக்கிய ஆதார விதை, அதிலிருந்து வரும் சான்று விதை என்று மூன்று படிகள். நீல அட்டை கட்டிய சான்று நெல் விதையில் நூற்றுக்கு எண்பதாவது முளைக்க வேண்டும் என்பது சட்டம். ஏழை விவசாயி அதை ஒரு முறை வாங்குவார். பிறகு தன் வயலில் விளைந்ததையே எடுத்துவைத்து வருஷக்கணக்கில் விதைப்பார். களத்தில் பக்கத்து நெல்லும் கலந்துவிடும். குதிரில் ஈரம் ஏறும். நான்கைந்து வருஷத்தில் அதன் பெயர் மட்டும் ஸ்வர்ணாவாக இருக்கும். வயலில் பார்த்தால் ஒரு கதிர் முழம் உயரம் தூக்கி நிற்கும், ஒன்று பத்து நாள் முந்திப் பழுக்கும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை விதையை மாற்றுங்கள் என்று வேளாண் துறை சொல்வது இதற்காகத்தான்.

காசில்லாமல் செய்யக்கூடிய காரியமும் உண்டு. ஒரு முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரில் விதை நெல்லைப் போட்டால் பதரும் அரைகுறை மணியும் மேலே வந்துவிடும். அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் கழுவி விதைக்கலாம். நம் பாட்டிமார் அறிந்த இந்த வித்தையை ஒடிசா கிராமப் பெண்களும் அறிவார்கள். விதை நெல்லைக் காப்பது இங்கும் பெண்களின் வேலை. ஆனால் பயிற்சி வகுப்புக்குப் பெயர் கொடுக்கும்போது மட்டும் ஆண்களின் பெயரே எழுதப்படும்.

நாள் தவறிய நாற்று

என் தமக்கையின் நிலம் தஞ்சை மாவட்டத்தில் கடைமடையில் இருக்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கப்படுவது மரபு என்றாலும், அணையில் நீர் இல்லாத ஆண்டுகளில் அது தள்ளிப்போகும். திறந்தாலும் தலைமடைக்கு வந்த தண்ணீர் கடைமடைக்கு வர எத்தனை நாள் என்பது முறைப்பாசனத்தையும் வாய்க்கால் தூர் வாரியதையும் பொறுத்தது. ஒரு வருஷம் விளைச்சல் குறைந்தபோது குத்தகைக்காரரைக் கேட்டேன்.

"வெதையில ஒண்ணும் கொறை இல்லீங்க அய்யா. நாத்து விட்டு அம்பது நாள் ஆயிட்டு, வாய்க்கால்ல தண்ணி வரல. வந்து பறிச்சப்ப அது நாத்தே இல்ல, கெழம். கெழத்த நட்டா எங்கேருந்துங்க தூர் கட்டும்?" என்றார்.

இதைவிடச் சுருக்கமாக எந்த விஞ்ஞானியும் சொல்லிவிட முடியாது. நான்கு மாதப் பயிருக்கு நான்கு வார நாற்று, மூன்று மாதப் பயிருக்கு மூன்று வார நாற்று என்பது விவசாயிகளின் கணக்கு. நாற்று முற்றினால் கிளைக்கும் காலம் நாற்றங்காலிலேயே கழிந்துவிடும். வயலில் தூர் குறையும், தூர் குறைந்தால் கதிர் குறையும். பழைய நீண்ட காலச் சம்பா ரகங்கள் இந்தத் தாமதத்தை ஓரளவு பொறுத்துக்கொண்டன. காலம் குறைந்த புது ரகங்களால் பொறுக்க முடிவதில்லை. தண்ணீர் குறித்த நாளில் வரும் தலைமடைக்காரருக்கு எந்தக் குணம் லாபமோ, அதே குணம் கடைமடைக்காரருக்கு நஷ்டமாகிறது.

ஆள் கிடைப்பதும் இப்படித்தான். ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்து இளைஞர்கள் சூரத்துக்கும், மற்றவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். இங்கே நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. நம் டெல்டாவிலோ வங்காளத்திலிருந்து குழுவாக வந்து நடவு நடுகிறார்கள். பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த நமக்கு இது புரியாத விஷயமல்ல. ஆனால் ஒன்று: பெரிய விவசாயி கூலியைக் கூட்டிக் கொடுத்து ஆளைப் பிடித்துவிடுவார். ஒரு ஏக்கர்க்காரர் கடைசியாகத்தான் நடுவார். அவருடைய நாற்றுக்கு அதற்குள் வயது ஏறியிருக்கும்.

மண் கேட்பது வேறு

மண்ணுக்கு யூரியா மட்டும் போதாது. யூரியா மலிவு, போட்ட நான்காம் நாள் பயிர் பச்சை கட்டும், கண்ணுக்குத் தெரியும். ஆகவே கையில் காசு இருக்கும் அன்று மூட்டையை மொத்தமாகக் கொட்டிவிடுவது பலர் வழக்கம். வயலில் இட்ட யூரியாவில் பாதிக்குமேல் காற்றோடும் நீரோடும் போய்விடுகிறது. மூன்று தவணையாக, தூர் கட்டும் போதும் கதிர் உருவாகும் போதும் பார்த்துப் போட்டால் குறைந்த உரத்திலேயே கூடுதல் பலன் உண்டு. இலையின் நிறத்தைப் பார்த்து யூரியா போடுவதற்கென்றே இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. அதன் விலை அற்பம்.

எப்போதும் நீர் தேங்கும் நெல் வயல்களில் துத்தநாகக் குறைவு சகஜம். இலையில் துருப்பிடித்தாற்போல் புள்ளிகள் தோன்றும், பயிர் குட்டையாகத் திட்டுத்திட்டாக நிற்கும். 1966-ல் பந்த்நகரில் ஒய்.எல். நெனே என்ற விஞ்ஞானி, நோய் என்று எல்லோரும் எண்ணிய இதைத் துத்தநாகக் குறைவு என்று கண்டறிந்தார். ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் போட்டால் தீர்ந்துபோகும் விஷயம். தெரியாதவர்கள் பூச்சி மருந்துக்குச் செலவழித்துவிட்டு, "புது ரகத்துக்கு நோய் அதிகம்" என்று முடிவு கட்டுவார்கள்.

1960-ல் தொடங்கிய 'பேக்கேஜ்' திட்டத்துக்கு நாடெங்கும் தேர்ந்தெடுத்த முதல் ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை நான்கையும் ஒன்றாகக் கொடு, தனித்தனியாகக் கொடுத்தால் பலனில்லை என்பது அதன் தத்துவம். ஏ.டி.டி.27 அங்கே வேரூன்றியது அந்தச் சூழலில்தான்.

தெரிந்தும் ஏன் செய்வதில்லை?

இதுவரை சொன்னவற்றைப் படித்துவிட்டு, "அப்படியானால் விவசாயிக்குச் சொல்லிக்கொடுத்தால் போதுமே" என்று தோன்றலாம். வேலையில் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரிகளும் அப்படித்தான் சொன்னார்கள். பத்ரக் மாவட்டத்தில் ஆற்றை ஒட்டித் தாழ்ந்த நிலம் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் உரத்தின் அருமையைப் பற்றி ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "பாபு, உரம் போட்டால் விளையும் என்று எனக்குத் தெரியாதா? வெள்ளம் வந்தால் உரம் கடலுக்குப் போகும், கடன் மட்டும் என் வீட்டில் தங்கும்" என்றார்.

அந்த வட்டாரத்தில் பைதரணியும் சாலந்தியும் எந்த வருஷம் கரை புரளும் என்று யாரும் சொல்ல முடியாது. பத்து நாள் பயிர் மூழ்கினால் ஸ்வர்ணா அழுகிவிடும். ஆகவே அந்த நிலத்துக்காரர் நாற்று நடுவதில்லை. விதையைத் தூவிவிட்டு, ஒரு மாதம் கழித்து லேசாக ஏர் ஓட்டிக் களையைக் கலைப்பார். உரம் அரைகுறை. கடன் வாங்குவதேயில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பலாகத் தெரியும். உண்மையில் அது கணக்கு. போனால் குறைவாகப் போகட்டும் என்று செலவைக் குறைத்துக்கொள்கிறார். அதனால் வெள்ளம் வராத நல்ல வருஷத்திலும் அவருக்குக் குறைவாகவே விளைகிறது. வெள்ளம் அவரிடமிருந்து பறிப்பதைவிட வெள்ளத்தைப் பற்றிய பயம் பறிப்பது அதிகம்.

இது வெறும் என் அபிப்பிராயம் அல்ல என்பதற்கு ஒரு சான்று பின்னால் கிடைத்தது.

தண்ணீருக்குள் மூச்சடக்கும் நெல்

ஒடிசாவின் உள்ளூர் நெல் ஒன்றிலிருந்து முன்னொரு காலத்தில் தேர்ந்தெடுத்து வைத்திருந்த ரகம் எஃப்.ஆர்.13ஏ. விளைச்சல் சொற்பம், ஆனால் இரண்டு வாரம் மூழ்கினாலும் சாகாது. சாதாரண நெல் மூழ்கியதும் பதறிப்போய், தண்ணீருக்கு மேல் தலை காட்டுவதற்காக மளமளவென்று நீளும். சேமித்த மாவுச்சத்தை எல்லாம் அதில் செலவழித்து, நீர் வடிந்ததும் துவண்டு விழும். எஃப்.ஆர்.13ஏ பதறாது. வளர்ச்சியை நிறுத்திச் சத்தைக் காத்துக்கொண்டு அடங்கிக் கிடக்கும். நீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும்.

இந்தக் குணத்துக்குக் காரணமான மரபணு இருக்கும் இடத்தை டேவிட் மெக்கிலும் கெனாங் ஷூவும் 1996-ல் கண்டார்கள். 2006-ல் பமேலா ரொனால்டும் சேர்ந்த குழு அந்த மரபணுவையே அடையாளம் காட்டியது. வேறு குணம் எதையும் மாற்றாமல், இது ஒன்றை மட்டும் ஸ்வர்ணாவுக்குள் கொண்டுவந்தார்கள். 2009-ல் ஸ்வர்ணா-சப்1 இந்திய விவசாயிகளுக்கு வெளியிடப்பட்டது. ஒடிசாக்காரர் காத்த நெல்லின் குணம் உலகைச் சுற்றி மறுபடி ஒடிசாவுக்கே வந்து சேர்ந்தது.

சர்வதேச நெல் நிலையத்தின் மன்சூர் தாரும், அமெரிக்கப் பொருளாதார நிபுணர்கள் சிலரும் சேர்ந்து ஒடிசாவில் 128 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். சீட்டுக் குலுக்குவதுபோல் சில கிராமங்களைத் தேர்ந்து அங்கே இந்த விதையைச் சிறு பைகளாகக் கொடுத்தார்கள். மற்றவற்றில் கொடுக்கவில்லை. 2013-ல் வெளியான முடிவு இது: பத்து நாள் மூழ்கிய வயலில் பழைய ஸ்வர்ணாவைவிடச் சுமார் 45 சதவீதம் கூடுதல் விளைச்சல், வெள்ளம் வராத வயலில் எந்த நஷ்டமும் இல்லை. வெள்ளம் அதிகம் தேங்கும் தாழ்ந்த நிலங்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரிடமே இருப்பதால், பலனிலும் அவர்களுக்கே பங்கு அதிகம் என்பதையும் அந்த ஆய்வு சுட்டிக்காட்டியது.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதே குழுவினர் 2016-ல் வெளியிட்ட இரண்டாவது முடிவு. விதை கிடைத்தவர்கள் அடுத்த பருவத்தில் விதையோடு நிற்கவில்லை. தூவி விதைப்பதை விட்டு நாற்று நடத் தொடங்கினார்கள். கூடுதல் உரம் போட்டார்கள். கூடுதல் நிலத்தில் பயிர் செய்தார்கள். கடனும் வாங்கினார்கள். மொத்த லாபத்தில் பெரும்பகுதி இப்படிப் பயம் நீங்கியதால் வந்த முதலீட்டிலிருந்தே கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள். அவர்களுக்கு யாரும் புதிதாகப் பாடம் நடத்தவில்லை. நடவும் உரமும் அவர்களுக்கு முன்பே தெரிந்தவைதாம். பயிர் பிழைக்கும் என்ற தைரியம்தான் புதிது. பத்ரக் பெரியவர் சொன்னதை ஒரு பெரிய ஆய்வு எண்களில் எழுதிக் காட்டியதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த ரகத்துக்கும் எல்லை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் மூழ்கினால் அதுவும் தாங்காது. மாதக்கணக்கில் இடுப்பளவு நீர் தேங்கும் நிலத்துக்கும், பூக்கும் நேரத்தில் வரும் வெள்ளத்துக்கும் அது மருந்தல்ல.

பாதி விளைச்சலுக்கு முழுச் செலவு

இனி நமக்கு நேராகத் தொடர்புள்ள விஷயத்துக்கு வருகிறேன். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு குடும்பம் சாகுபடி செய்யும் நிலத்தின் சராசரி 1.08 ஹெக்டேர். ஒடிசாவில் 0.95. தமிழ்நாட்டில் 0.75, அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்தத் துண்டு நிலத்திலும் உழுபவர் ஒருவர், பட்டா வேறொருவர் பெயரில் என்பது நிறைய.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் ரூபாய் உரம் கூடுதலாகப் போட்டால் நூறு கிலோ நெல் கூடுதலாக விளையும், நெல் கிலோ இருபது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சொந்த நிலக்காரருக்கு இரண்டாயிரம் வரவு, ஆயிரம் லாபம். வாரத்துக்கு உழுபவர் விளைச்சலில் பாதியை அளந்துவிட வேண்டும். செலவு ஆயிரமும் அவருடையது, வரவு ஆயிரம். லாபம் பூஜ்யம். வெள்ளமோ வறட்சியோ வந்தால் நஷ்டம் முழுவதும் அவருக்கே. இவர் எதற்காக உரம் போடுவார்? நில உரிமையாளர் விதைக்கும் உரத்துக்கும் பாதிச் செலவை ஏற்றுக்கொள்ளும் வயல்களில் விளைச்சல் வேறாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கடன். ஒடிசாவில் 1960-ம் வருஷத்து நிலச்சீர்திருத்தச் சட்டப்படி நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்கே பெரும்பாலும் அனுமதியில்லை. சட்டத்தில் பாகசாசி என்னும் வாரக்காரர் கிடையாது, வயலில் இருக்கிறார். காகிதம் இல்லாதவருக்கு வங்கியில் பயிர்க்கடன் கிடைப்பது அரிது. ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால் ஆண்டுக்கு 4 சதவீத வட்டி என்ற சலுகை நிலப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குப் போகும். உழுபவர் மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று, ஐந்து என்று வட்டிக்காரரிடம் வாங்குவார். அறுவடையன்றே அவருக்கு நெல்லை விற்கவும் வேண்டியிருக்கும். 2019 முதல் மத்திய அரசு ஆண்டுக்கு 6,000 ரூபாய் கொடுக்கும் திட்டமும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான்.

பக்கத்து வங்காளத்தில் 1978-ல் 'ஆபரேஷன் பர்கா' என்ற பெயரில் வாரக்காரர்களின் பெயரைப் பதிவு செய்தார்கள். சட்டப்படி பங்கு அளந்து வரும்வரை அவரை வெளியேற்ற முடியாது, உரிமையாளரின் பங்கும் குறைந்தது. அதன் பின் அங்கே நெல் விளைச்சல் உயர்ந்ததில் இந்தப் பதிவுக்குக் கணிசமான பங்கு உண்டு என்று அபிஜித் பானர்ஜியும் வேறு இரு பொருளாதார நிபுணர்களும் 2002-ல் எழுதிய ஆய்வு கூறுகிறது. விதையை மாற்றாமல், காகிதத்தை மாற்றியே விளைச்சலைக் கூட்டலாம் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

நாம் செய்யக்கூடியவை

நம்மில் பலர் வயலில் இறங்கியவர்கள் அல்லர். ஆனால் பட்டாவில் பெயர் நம்முடையது. விளைச்சலைத் தீர்மானிக்கும் சில விஷயங்கள் உழுபவர் கையில் இல்லை, நம் கையில் இருக்கின்றன. என் தமக்கையும் குத்தகைக்காரரும் உட்கார்ந்து பேசி ஏற்படுத்திக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, பயிர்க் காப்பீடு. 2016-ல் வந்த பிரதமர் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்ட வேண்டியது காரீப் நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபி நெல்லுக்கு 1.5 சதவீதம். குத்தகைக்காரரும் வாரக்காரரும் சேரலாம் என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் வேண்டும். உரிமையாளர் தகராறு செய்தால் அது கிடைப்பது கஷ்டம். சம்பா நெல்லுக்குப் பதிவு பெரும்பாலும் நவம்பரில் முடியும். அதற்கு முன்னால், உழுபவர் பெயரிலேயே அடங்கல் எழுதுவதில் நமக்கு ஆட்சேபமில்லை என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

"பேரைப் பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும்" என்ற அச்சம் நம்மவர்களுக்கு உண்டு. குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருப்பதை அறிந்தவர்களுக்கு அந்த அச்சம் வருவது இயல்புதான். ஊரில் விவரம் தெரிந்த வக்கீலிடம் கேட்டு, இருவருக்கும் பாதுகாப்பாக எழுத்தில் ஓர் உடன்பாடு செய்துகொள்ளலாம். வாய்வார்த்தையில் வருஷத்துக்கு வருஷம் ஆளை மாற்றும் நிலத்தில் யாரும் எரு அடிக்கமாட்டார்கள், வரப்பு போடமாட்டார்கள். ஐந்து வருஷம் உழலாம் என்று தெரிந்தவர்தான் மண்ணைக் கவனிப்பார்.

இரண்டாவது, கடன். நிலமில்லாத சாகுபடியாளர்கள் நான்கு முதல் பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தால் அடமானம் இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்கும். நபார்டு வங்கி 2005-06 முதல் ஊக்குவித்து வரும் முறை இது. ஊரில் பலருக்கு இது தெரிவதில்லை.

மூன்றாவது, விதை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஒரு ஏக்கருக்கான சான்று விதையின் விலையை நாம் ஏற்றுக்கொள்ளலாம். நகரத்தில் ஒரு குடும்பம் ஓட்டலில் ஒரு வேளை சாப்பிடும் செலவைவிட அது பெரிதல்ல. நவம்பர் மழையில் மூழ்கும் தாழ்ந்த நிலமாக இருந்தால், சி.ஆர்.1009-லேயே வெள்ளம் தாங்கும் மரபணு சேர்த்த சி.ஆர்.1009 சப்1 தமிழ்நாட்டில் வெளியிடப்பட்டிருக்கிறது. கட்டாக்கில் பிறந்த ரகமும் ஒடிசா நெல்லின் மரபணுவும் சேர்ந்து நம் டெல்டாவுக்கு வந்திருக்கின்றன.

நான்காவது, பங்கு. விளைச்சலில் பாதி நமக்கு வேண்டுமானால் செலவிலும் பாதி நம்முடையதாக இருக்கட்டும். இல்லையென்றால் இவ்வளவு மூட்டை என்று நிலையான குத்தகை பேசிக்கொண்டு, அதற்கு மேல் விளைவது முழுவதும் அவருக்கு என்று விட்டுவிடலாம். வெள்ளம் வந்த வருஷத்தில் குத்தகையைத் தள்ளிக்கொடுப்பதையும் அப்போதே பேசிக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் என் தமக்கை இரண்டாவது வழியைத் தேர்ந்தாள். அந்தக் குத்தகைக்காரர் முதல் காரியமாக வாய்க்கால் முகப்பில் சொந்தச் செலவில் ஒரு குழாய் பதித்தார். நாற்றுக்கு வேண்டிய தண்ணீரை மட்டுமாவது நாளில் பிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. விளைச்சல் ஒரேயடியாக நாற்பது மூட்டைக்கு ஏறிவிடவில்லை. ஆனால் அவர் மகன் இந்த வருஷம் திருப்பூருக்குப் போகவில்லை. அப்பாவோடு வயலில் இருக்கிறான்.